பற்றரி செத்தால் கருவியும் செத்ததா?

பதுளை நகரின் ஹாட்வெயார் கடைகளில் இப்போது கண்ணில் படும்படி அடுக்கப்பட்டிருப்பவை மின்கம்பி இல்லாத கருவிகள். ட்ரில், திருகாணி முடுக்கும் மெஷின், கிரைண்டர், கிளை அறுக்கும் சிறு வாள், புல்வெட்டி, கொழுந்து வெட்டும் மெஷின் எனச் சகலமும் அடியில் ஒரு பற்றரியைச் செருகிக்கொண்டு நிற்கின்றன. வாங்குகிறவர் தாம் ஒரு கருவியை வாங்குவதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார். உண்மையில் அவர் ஒரு நிறுவனத்தின் பற்றரிக்கு ஆயுட்கால வாடிக்கையாளராகப் பெயர் பதிந்துகொண்டு திரும்புகிறார். இந்த வேறுபாடு அவருக்குத் தெரியவருவதற்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் ஆகும்.

அண்மையில் பசறைப் பக்கம் சென்றிருந்தபோது, தோட்டத்தில் பிறந்து வளர்ந்து இப்போது வீடு கட்டும் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் இதை மூன்று வரியில் சொல்லி முடித்தார்: “ஐயா, மெஷின் புதுசு மாதிரியே இருக்கு. பெட்ரிதான் செத்துப்போச்சு. புதுப் பெட்ரி வாங்குற காசுக்கு இன்னொரு மெஷினே வாங்கிறலாம்னு கடையில சொல்றாங்க.” அவர் சொன்னதில் மிகை ஏதுமில்லை. கருவி, இரண்டு பற்றரி, சார்ஜர், பெட்டி ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி விற்கும்போது குறைவாகத் தெரியும் விலை, பற்றரியைத் தனியே கேட்கும்போது ஏறிக்கொள்கிறது. நல்ல நிலையிலுள்ள மோட்டார் ஒன்று மூலையில் கிடக்க, அதே மோட்டாரை மறுபடி வாங்குமாறு மனிதர் தூண்டப்படுகிறார்.

நகரத்து வாசகர்களுக்கு, குறிப்பாகக் கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கு, இது வார இறுதிப் பொழுதுபோக்குச் சிக்கலாகத் தோன்றலாம். ஊவாவின் தோட்டப்புறத்தில் இது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. ஏழு பேர்ச்சஸ் காணியில் புதுவீடு எழும்பும் இடத்தில், கூரை ஏறிய பிறகே பெரும்பாலும் மின்னிணைப்பு வரும். அதுவரை சுவரில் துளையிடவும் கூரைத் தகட்டை முடுக்கவும் அயல்வீட்டிலிருந்து கம்பி இழுக்க வேண்டும். பழைய லயத்துக் காம்பராக்களின் மின்கம்பிகளோ கனமான கருவி ஒன்றைத் தாங்கும் நிலையில் எப்போதும் இருப்பதில்லை. தேயிலை மலையின் நடுவில் மின்சாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே கம்பியில்லாக் கருவி இங்கு ஆடம்பரமாக வந்து சேரவில்லை, தேவையாகவே வந்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலான நாட்களிலும், 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தை மண்சரிவுகளால் உலுக்கியபோதும் சார்ஜ் நிறைந்த பற்றரி ஒன்றின் அருமை எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

இந்தக் கருவிகளின் கதை 1961 இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அவ்வாண்டில் கம்பியில்லா ட்ரில் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டு கழித்து, 1971 இல் அப்பலோ 15 சென்ற விண்வெளி வீரர்கள் பற்றரி ட்ரில்லால் சந்திரனின் நிலத்தையே துளைத்தார்கள். அக்காலப் பற்றரி நிக்கல் கட்மியம் வகை. அதன் கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட், 18 வோல்ட் வேண்டுமானால் 15 கலங்களைக் கோர்க்க வேண்டும். பாரமும் அதிகம், கட்மியம் நஞ்சும்கூட. 1991 இல் ஜப்பானின் சோனி நிறுவனம் லித்தியம் அயன் பற்றரியை வணிகமாக்கியது. 2005 அளவில் அது பெரிய கருவிகளுக்கும் வந்து சேர்ந்தது. அதனை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019 இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்று கடையில் விற்கும் 18 வோல்ட் பற்றரியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மர்மம் எதுவுமில்லை. விரல் பருமனில், பெரும்பாலும் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட கலங்கள் ஐந்து தொடராக இணைக்கப்பட்டிருக்கும். கலத்துக்கு 3.6 வோல்ட் வீதம் ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் 4.2 வரை போகும். அப்போது மொத்தம் 21. ஆகவே ஒரு நிறுவனம் 18 என்றும் இன்னொன்று 20 என்றும் மற்றொன்று 21 என்றும் எழுதுவது ஒரே பொருளைத்தான். ஒரே நிறுவனமான டிவோல்ட், வட அமெரிக்காவில் 20 என்று எழுதி விற்கும் அதே பற்றரியை ஐரோப்பாவில் 18 என்று எழுதி விற்கிறது. கலங்கள் ஒன்று, மின்னழுத்தம் ஒன்று. வேறுபடுவது பிளாஸ்டிக் கூட்டின் வடிவமும், உள்ளிருக்கும் சிறு மின்னணுச் சுற்றும் மட்டுமே. அந்தக் கூட்டின் பள்ளமும் மேடும் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு தொழிலாளி அடுத்த பத்தாண்டுகளுக்கு யாரிடம் காசு கொடுப்பார் என்பது தீர்மானமாகிவிடுகிறது.

டோர்ச் லைட்டை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவரின் கையில் எந்த நிறுவனத்து டோர்ச் இருந்தாலும், தோட்டத்துக் கடையில் கிடைக்கும் எந்த நிறுவனத்துக் கலமும் அதில் பொருந்தும். கலத்தின் அளவை உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட நியமம் ஒன்று தீர்மானித்திருப்பதே காரணம். கைத்தொலைபேசிக்கும் அந்த நன்மை வந்துவிட்டது: 2024 டிசம்பர் இறுதி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கைத்தொலைபேசிகள் யாவும் ஒரே வகைச் சார்ஜ் துளையைக் கொண்டிருக்க வேண்டும். கருவிகளின் உலகில் இதற்கு ஒப்பான சட்டம் இல்லை. நிறுவனங்கள் தாமாகவே சில கூட்டணிகளை அமைத்துள்ளன. மெட்டாபோ தலைமையில் 2018 இல் ஒன்று, போஷ் தலைமையில் 2020 இல் இன்னொன்று. இரண்டிலும் பொதுவான மின்னழுத்தம் 18 வோல்ட். ஆனால் ஒன்றின் பற்றரி மற்றதில் ஏறாது! சாதி ஒழிப்புச் சங்கமே இரண்டு சாதியாகப் பிரிந்ததுபோல.

பற்றரியின் ஆயுள் எவ்வளவு? நல்ல கலமென்றால், சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கும் வரை தன் கொள்ளளவின் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும். வெப்பம் அதன் முதல் எதிரி. ஹப்புத்தளையின் குளிர் அதற்கு நல்லது. அதே ஹப்புத்தளையில் தகரக் கூரைக்குக் கீழே அடுப்புக்கு அருகில் தொங்கவிட்டால் கெட்டது. இரண்டாவது எதிரி வெறுமை. முற்றாக இறங்கிய பற்றரியை அப்படியே போட்டுவிட்டு மூன்று மாதம் கொழும்பு வேலைக்குப் போய்த் திரும்பினால், கலங்களின் அழுத்தம் ஆபத்தான எல்லைக்குக் கீழே போயிருக்கும். சார்ஜர் அதை ஏற்க மறுத்து விளக்கைச் சிமிட்டும். பாதியளவு சார்ஜுடன் வைத்துவிட்டுப் போக வேண்டும். சுண்டுவிரல் நீளச் செய்திதான். ஆனால் கடைக்காரர் சொல்வதில்லை, உள்ளே வரும் தாளில் தமிழும் இல்லை.

பத்துக் கலங்களில் ஒன்று கெட்டாலும் பற்றரி முழுவதும் நின்றுவிடும் என்பது அடுத்த வேதனை. திறமையான இளைஞர் ஒருவர் கெட்ட கலத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்றவைக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் சில நிறுவனங்களின் பற்றரிகளில் உள்ள மின்னணுச் சுற்று, சில முறை தொடர்ந்து கோளாறு கண்டால் தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்கிறது. கலத்தை மாற்றினாலும் பூட்டுத் திறவாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். வீட்டில் தீப்பிடிக்காமல் காக்கும் பூட்டை நான் குறை சொல்லமாட்டேன். பழுதுபார்த்து முடித்த பிறகும் திறக்க வழியில்லாத பூட்டு, பொருளின் உரிமையாளரை வெளியே நிறுத்திப் பூட்டிய பூட்டு.

இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகின்றன. பெயர்பெற்ற நிறுவனங்களின் கூட்டைப் பார்த்து வார்த்த மலிவுப் பற்றரிகள் பெருமளவில் வருகின்றன. அவற்றின் மேல் 88, 188, 288, 388 என்று எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். பக்கத்தில் வோல்ட்டை நினைவூட்டும் ஆங்கில எழுத்தொன்றும் இருக்கும். உள்ளே இருப்பது அதே ஐந்து கலத் தொடர், அதாவது 18 வோல்ட். 388 என்பது வெறும் அலங்காரம். ‘பெரிய எண், பெரிய பலம்’ என்று நம்பி வாங்குகிறவர் ஏமாறுகிறார். இன்னும் மோசமானது, பழைய மடிகணினிப் பற்றரிகளிலிருந்து கழற்றிய கலங்களைப் புதுக்கூட்டில் அடைத்து விற்பது. மடிகணினிக் கலம் மெதுவாக மின்சாரம் கொடுக்கப் பழகியது. கிரைண்டர் ஒன்று இரும்பைக் கடிக்கும்போது 20, 30 அம்பியரை ஒரே இழுப்பில் கேட்கும். அந்தக் கலத்தால் முடியாது. சூடேறும், வீங்கும், சில வேளை தீப்பற்றும். வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அது ஒரு காம்பராவோடு நிற்காது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

போலிகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய் என்று இங்கே கோஷம் எழுப்ப நான் வரவில்லை. அசல் பற்றரி பல நாட் சம்பளத்தை விழுங்கும் இடத்தில், மலிவுப் பற்றரி இல்லாவிட்டால் அந்த இளைஞரின் கையில் கருவியே இருக்காது. 2022 இல் டொலரொன்றின் விலை 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதிப் பொருள் எதை நம்பியும் தொழில் செய்ய முடியாத நிலை உண்டானதை நாம் கண்டோம். மலிவாக விற்கட்டும், பொய்யை எழுதி விற்க வேண்டாம். உள்ளே எத்தனை கலம், உண்மையான வோல்ட் எவ்வளவு, அம்பியர் மணி எவ்வளவு, எந்த ஆண்டு செய்தது என்ற நான்கு விவரங்கள் கூட்டின் மேல் இருக்கட்டும், அவை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும் என்பதே என் வாதம்.

வெளிநாட்டு உறவினர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. கனடாவிலிருந்து அன்போடு அனுப்பப்படும் கருவிப் பெட்டியில் வரும் சார்ஜர் பொதுவாக 120 வோல்ட்டுக்கு உரியது. இலங்கையின் சுவர்த்துளையில் 230. செருகிய கணத்தில் அன்பளிப்பு புகையாகிவிடும். இலண்டன் சார்ஜருக்கு அந்தச் சிக்கல் இல்லை. விமானத்தில் கொண்டுவருகிறவர்கள் கழற்றிய பற்றரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் மணி வரை பொதுவாக அனுமதி உண்டு, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். 18 வோல்ட் 5 அம்பியர் மணிப் பற்றரி என்றால் 90 வாட் மணி. 6 அம்பியர் மணி என்றால் 108, எல்லையைத் தாண்டிவிடுகிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதுளையிலோ பண்டாரவளையிலோ அதே குடும்பத்துப் பற்றரி கிடைக்குமா என்று கேட்டறிந்த பிறகே அனுப்புங்கள். கிடைக்காத பற்றரிக்குரிய கருவி, சாவி இல்லாத பெட்டகம்.

ஊவாவுக்கு இந்த அனுபவம் புதியதன்று. லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில் கார் பற்றரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. பற்றரி இறங்கியதும் அதைத் தோளில் சுமந்து டவுனுக்குக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றி, மறுநாள் திரும்பச் சுமந்து வருவார்கள். பின்னர் உலக வங்கியின் துணையோடு 1997 இலும் 2002 இலும் தொடங்கப்பட்ட எரிசக்தித் திட்டங்களின் கீழ், மின்கம்பி எட்டாத கிராமங்களுக்குச் சூரிய ஒளித் தொகுதிகள் வந்தன. கூரையில் ஏறிய தகடு இருபது ஆண்டுகள் உழைக்கக்கூடியது. கீழே இருந்த ஈயப் பற்றரியின் ஆயுளோ சில ஆண்டுகள். பற்றரி மாற்றக் காசில்லாத வீட்டில் தகடு வெயில் காய்ந்துகொண்டு சும்மா கிடந்தது. கடன் கொடுத்தவர்களும் திட்டம் வரைந்தவர்களும் முதல் பற்றரியின் விலையைக் கணக்கில் எழுதினார்கள். இரண்டாவது பற்றரியின் விலை ஏழையின் கணக்கில் விழுந்தது. ஒரு வித்தியாசம் உண்டு: பழைய ஈயப் பற்றரியை நிறுத்துக் காசு கொடுத்து வாங்க ஆளிருந்தது. செத்த லித்தியம் பற்றரியைத் தேடி எவரும் வருவதில்லை. அது வீட்டு மூலையிலோ ஓடைக் கரையிலோ கிடக்கிறது.

இந்த இரண்டாவது பற்றரியின் கேள்வி இப்போது தேயிலை மலைக்குள்ளேயே வந்துவிட்டது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆட்பற்றாக்குறை காரணமாகக் கொழுந்து வெட்டும் மெஷின்கள் பரவிவருகின்றன. அவற்றில் பற்றரியில் இயங்குபவையும் உண்டு. பெட்ரோல் மெஷினோடு ஒப்பிட்டால் இரைச்சலும் புகையும் இல்லை, பாரமும் குறைவு. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். அதே வேளையில் கம்பனிகள், தேயிலைச் செடிகளைத் தொழிலாளர் குடும்பங்களிடம் பங்கு போட்டுக் கொடுத்து, கொழுந்தை நிறுத்து வாங்கும் முறையையும் முன்வைத்து வருகின்றன. அந்த முறையில் மெஷின் யாருடையது? முதல் பற்றரி யாருடையது? மூன்றாம் ஆண்டில் அது பாதி மலையிலேயே களைத்து நிற்கும்போது, அன்றைய குறைந்த கொழுந்து யாருடைய நட்டம்? இவற்றுக்கான விடை எழுத்தில் இருக்க வேண்டும்.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபோது எவ்வளவு இழுபறிக்குப் பிறகு அது வந்தது என்பது நமக்குத் தெரியும். மாதமொன்றுக்கு ஓரிரு நாட்சம்பளம் பற்றரிக்கென்று ஒதுங்கினால், வென்ற உயர்வு வந்த வழியே திரும்பிப் போகும். கம்பளிக்கும் அரிசிக்கும் செக்ரோலில் கழித்த காலத்தையும், கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய காலத்தையும் கண்ட சமூகம் இது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நூறு ஆண்டு கழித்துப் பற்றரியின் பெயரால் ஒரு புதிய துண்டு எழுதப்படக்கூடாது. வேலைக்குத் தேவையான கருவியை யார் கொடுக்கிறாரோ அவரே அதன் பற்றரிக்கும் அதன் ஆயுள் முழுவதும் பொறுப்பு. தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தையில் இந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும்.

அரசு செய்யக்கூடியதும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, பொருட்களின் பெயர்ச்சீட்டு குறித்துப் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் இருக்கிறது. 388 என்ற பொய்யை நிறுத்தப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. முன்மாதிரிக்கும் பஞ்சமில்லை. இந்தியாவில் லித்தியம் பற்றரிகளுக்குக் கட்டாயப் பதிவு நடைமுறையில் உள்ளது. 2022 இல் பற்றரிக் கழிவு விதிகளும் வந்து, விற்றவரே திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்கச் செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டுப் பற்றரி ஒழுங்குவிதி இன்னும் ஒரு படி முன்னே செல்கிறது. கையடக்கச் சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த மாதிரியின் கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு மாற்றுப் பற்றரி நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். பொருந்தக்கூடிய வேறு பற்றரியை மென்பொருளால் தடுக்கக்கூடாது என்கிறது அது. 2027 பெப்ரவரி 18 முதல் இது அமுலாகும். அதே நிறுவனங்கள்தான் இங்கும் விற்கின்றன. அங்கே கொடுக்கும் உரிமையை இங்கே மறுப்பதற்கு நியாயம் என்ன?

அதுவரை, சேர்ந்து தொழில் செய்யும் பாஸ்மார் நால்வர் ஐவர் கூடி, ஒரே பற்றரிக் குடும்பத்தைத் தெரிந்தெடுத்து வாங்கினால் நல்லது. ஒருவர் பற்றரி இறங்கினால் மற்றவருடையது கைகொடுக்கும். வாங்கும் முன் கடைக்காரரிடம் கருவியின் விலையைக் கேட்காதீர்கள். பற்றரியின் தனி விலையைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நல்ல மோட்டார் இருபது ஆண்டு உழைக்கும். அதனை மூன்றாண்டில் குப்பையாக்குவது இயற்கையின் விதி இல்லை, யாரோ எடுத்த வணிக முடிவு. முடிவு என்றால் மாற்றலாம். இதைக் கேட்கும் உரிமை, காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அந்தக் காசை மலையில் கொழுந்து பறித்துச் சேர்த்தவருக்குச் சற்று அதிகமாகவே இருக்கிறது.